மூன்றாம் நம்பர் எக்ஸாஸ்ட்

டேப்பெட் கவரைக் கழற்ற எனக்குப் பிடித்த நேரம் மழை விட்ட மறுநாள் காலை. சாலவாக்கத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்களைச் சுற்றிக் கல்குவாரியும் கிரஷரும். ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் திருமுக்கூடல் பக்கமாக நாள் முழுக்க ஓடுகின்றன. வெயில் ஏறினால் சாலையோரப் புளியமரம் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும். அந்தத் தூள் வயல் மண் அல்ல, உடைத்த கருங்கல். அதில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் பதம் போட்ட எஃகைக்கூடக் கீறும். ஹெட்டைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் கேம் ஷாஃப்ட் மேல் மெல்லிய படலம் படிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியாது. பல்லில் வைத்துக் கடித்தால் நறநறக்கும். இதே தூளைத்தான் குவாரியில் வேலை செய்யும் எங்கள் ஊர் ஆட்கள் மூச்சில் இழுக்கிறார்கள் என்பதை நினைக்காமல் நான் ஒரு நாளும் கவரைத் திறந்ததில்லை.

அதனால் பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கட்டியிருக்கிறேன். ஜன்னல் கிடையாது. வாசலில் நனைத்த கோணி தொங்கும். தரையில் தண்ணீர் தெளித்து, ஈரம் அடங்கிய பிறகுதான் உள்ளே எஞ்சின் போகும். டிராக்டரும் டிப்பரும் சரிசெய்து பிழைக்கும் பட்டறையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பழைய எஸ்டீம், ஜிப்ஸி, ஹோண்டா சிட்டி என்று வேகத்துக்காகத் தட்டி எடுத்த எஞ்சின்கள் இன்னமும் எங்கெங்கிருந்தோ என்னைத் தேடி வருகின்றன. பெரும்பாலும் ஒரே நோயோடு வருகின்றன: ராக்கர் தேய்கிறது, அல்லது உடைகிறது. ஒருமுறை மாற்றிய பிறகு மறுபடியும் அதே இடத்தில் உடைகிறது.

ராக்கர் ஆர்ம் என்றால் என்ன என்று கேட்கும் பையன்களுக்கு நான் ஏற்றத்தைச் சொல்வேன். என் தாத்தா காலத்துக் கிணற்றில் ஏற்றம் இருந்தது. நடுவில் தாங்கல். துலாவின் ஒரு பக்கம் ஆள் மிதித்து நடந்தால் மறுபக்கம் ஏறும், திரும்பி நடந்தால் இறங்கும். எஞ்சினின் தலைக்குள் நடப்பதும் அதுதான். கேம் ஷாஃப்ட்டின் மேடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்குகிறது, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. மேடு கடந்ததும் வால்வைத் திரும்ப மூடுவது ஸ்பிரிங். ஏற்றத்தில் ஆள் நிதானமாக நடப்பான். எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்று சுற்றும்போது கேம் அதில் பாதி, 3,750 சுற்று சுற்றும். அப்படியென்றால் ஒவ்வொரு ராக்கரும் நொடிக்கு 62 தடவை ஏறி இறங்க வேண்டும். கைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு துண்டு உலோகத்திடம் நாம் கேட்பது இவ்வளவு.

நான் 1987-ல், பதினேழு வயதில், சென்னைக்குப் போனேன். சேர்ந்த பட்டறையின் மேஸ்திரிக்கு ஃபியட் எஞ்சின் என்றால் உயிர். 1,089 சிசி, புஷ் ராட் வைத்து ராக்கரைத் தள்ளும் பழைய அமைப்பு. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த கடைசி ஆண்டுகள் அவை. மேஸ்திரி என்னை ஸ்பானர் பெட்டி தூக்க அழைத்துப் போவார். சிப்பானி டால்ஃபின் என்று ஒரு குட்டி வண்டி, ஃபைபர் உடம்பு, 848 சிசி அலுமினிய எஞ்சின். அது பெரிய வண்டிகளை விரட்டிக்கொண்டு போவதைப் பார்த்து வாய் பிளந்து நின்றிருக்கிறேன். எடை குறைந்தால் எவ்வளவு மாறும் என்பது எனக்கு முதலில் புரிந்தது அங்கேதான்.

அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் 1988-ல் மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை வண்டியைக் கொண்டுவந்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தளத்தைத் திறந்தது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். இளைஞர்கள் கடன் வாங்கியாவது ரேஸ் ஓட்ட வந்தார்கள், எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வேலை வந்தது. புஷ் ராட் காலம் போய், கேம் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் சுஸுகி எஞ்சின்கள் வந்தன. ராக்கர் மட்டும் போகவில்லை. மாருதி 800, ஜிப்ஸி, எஸ்டீம் எல்லாவற்றிலும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் ராக்கர்தான்.

மேஸ்திரி எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கேட்பதற்கு. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கேட்க வேண்டும். "கீழ தட்டுனா நெஞ்சுல கேக்கும்டா, மேல தட்டுனா பல்லுல கேக்கும்" என்பார். பேரிங் போனால் கனமான அடி, வயிற்றில் உறைக்கும். டேப்பெட் சத்தம் மெல்லிய கூரான தட்டல். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தட்டு. எந்த வால்வு என்பதைக் கவரின் மேல் ஸ்குரூடிரைவரை நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடிக்கலாம். இதில் ஓர் எச்சரிக்கையும் சொன்னார், நான் இன்றும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்கிறேன்: சத்தமே இல்லாத டேப்பெட்டைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. ராக்கர் முனையின் திருகுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி கூடுதலாக இருந்தால் சத்தம் வரும், ராக்கர் அடிபடும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுசாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு சத்தம் காட்டாமல் எரிந்துபோகும். சத்தமில்லை என்று வீட்டுக்குப் போனவர் ஒரு மாதத்தில் ஹெட்டையே கழற்ற வருவார்.

இடைவெளி என்று நான் சொல்வது 0.15 மில்லிமீட்டர் அளவு. ஒன்றரைத் தாள் கனம். ஃபீலர் கேஜை நுழைத்து இழுக்கும்போது, வெண்ணெயில் கத்தி போவது போலப் போனால் தளர்வு, அட்டையில் மாட்டியது போல நின்றால் இறுக்கம். நடுவில் ஒரு பிடி இருக்கிறது. அதை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. மேஸ்திரி என் கைமேல் தன் கையை வைத்து இழுத்துக் காட்டித்தான் எனக்கு வந்தது. இன்னொன்றும் உண்டு. அலுமினிய ஹெட் சூடானால் இரும்பு வால்வைவிட அதிகம் விரிகிறது. ஆகவே இந்த எஞ்சின்களில் சூட்டில் இடைவெளி கூடும், குறையாது. சூடான எஞ்சினில் குளிர்ந்த எஞ்சினுக்கான அளவை வைத்துவிட்டால் ஆறியபின் வால்வு இறுகிக் கிடக்கும். விடியற்காலையில், ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் வேலை பார்ப்பது என் பழக்கமானது அதனால்தான்.

இனி அந்த எஸ்டீம் கதைக்கு வருகிறேன். 1998. 1.3 லிட்டர், கார்புரேட்டர், எட்டு வால்வு, எட்டு ராக்கர். ஓட்டுபவன் இருபத்திரண்டு வயதுப் பையன். தன் மோட்டார் பைக்கை விற்று அந்தப் பருவத்துக்கான டயர் வாங்கியிருந்தான். கேமைத் தேய்த்து, வால்வு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும்படி செய்திருந்தோம். கடினமான ஸ்பிரிங் போட்டிருந்தோம். ஹெட் வேலை முழுக்க என் கை. மேஸ்திரிக்கு அப்போது கண் பார்வை குறைந்துவிட்டது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

இருங்காட்டுக்கோட்டையில் சனிக்கிழமை பயிற்சி. நாலாவது சுற்றில் வண்டி உள்ளே வந்தது. கார்புரேட்டர் வழியாகப் படபடவென்று துப்பிக்கொண்டு வந்தது. "அண்ணா, மூணுலதான் ஓடுது" என்றான் பையன். கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது என்றால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு திறக்கவில்லை. எரிந்த புகை போக வழியில்லாமல், இன்லெட் திறந்ததும் அந்தப் பக்கம் சீறுகிறது. கவரைக் கழற்றினேன். மூன்றாம் நம்பர் எக்ஸாஸ்ட் ராக்கர் இரண்டாக உடைந்து கிடந்தது.

துண்டுகளைப் பொறுக்கி, உடைந்த பானையை ஒட்டுவது போலச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு சில்லுகூடக் குறையவில்லை. எண்ணெய் வழியில் எதுவும் இறங்கவில்லை என்று அதோடு நிம்மதியானேன். பெட்டியில் இன்னொரு ஹெட்டிலிருந்து கழற்றிய ராக்கர்கள் இருந்தன. நல்லதாக ஒன்றை எடுத்துப் போட்டு, டேப்பெட் இடைவெளி வைத்து, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை. பையன் கேட்டான், "ஏன்ணா உடைஞ்சுது?" நான் சொன்னேன்: "பழைய பீஸ்பா. வார்ப்புல குறை."

அது நான் பார்த்துச் சொன்னதல்ல. வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அவன் நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தான். ஆறாவது சுற்றில் மேடைப் பக்கம் வரும்போது அதே துப்பல். அதே மூன்றாம் நம்பர். அதே இடத்தில் உடைப்பு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். நான் கிட்டே போகவில்லை.

திங்கட்கிழமை ஹெட்டை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் கழற்றினேன். மேஸ்திரி உடைந்த இரண்டு ராக்கரையும் கையில் வாங்கி, உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இது நேத்துதான் உடைஞ்சுது" என்றார். நேற்றுதானே உடைந்தது, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. பல நாளாக விரிசல் விட்டு உடைந்த ராக்கர் என்றால் விரிசலின் பழைய பகுதி எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கும். கடைசியாக விட்ட பகுதி மட்டும் வெளுத்திருக்கும். சில வார்ப்புகளில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால், விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த கோடுகள்கூடத் தெரியும், எங்கள் ஏரி வற்றும்போது கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும் கோடுகளைப் போல. வார்ப்பில் குறை என்றால் அந்த இடத்தில் ஒரு பொத்தலோ கறுப்புப் புள்ளியோ இருக்கும். என் கையில் இருந்த இரண்டும் முகம் முழுக்கக் கற்கண்டை உடைத்தது போல வெள்ளையாகப் பளபளத்தன. கறுப்பு இல்லை, பொத்தல் இல்லை. தாங்க முடியாத ஏதோ ஒன்று ஓங்கி அடித்து உடைத்திருக்கிறது. அதை நான் சனிக்கிழமையே பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் ராக்கர்மேல் பழி போட்டேன்.

அடித்தது எது? ராக்கர் ஒரு முனையில் கேமைத் தொடுகிறது, மறுமுனையில் வால்வைத் தொடுகிறது. கேம் ஓடும் வழியில் ஓடித்தான் ஆகும், யாருக்கும் வளையாது. அப்படியானால் வால்வு இறங்க மறுத்திருக்க வேண்டும். வால்வு ஏன் இறங்க மறுக்கும்? பிஸ்டனில் இடித்திருந்தால் தடம் இருக்கும், இல்லை. வால்வு ஓடும் கைடில் பிடித்திருந்தால் கையால் இழுக்கும்போது தெரியும், வெண்ணெய் போல ஓடியது. மிச்சம் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே போனால் ஓர் அளவில் சுருளோடு சுருள் ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் அது ஸ்பிரிங் அல்ல, இரும்புக் குழாய்.

வால்வு முழுக்க இறங்கிய நிலையில் சுருள்களுக்கு நடுவே மொத்தம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்தேன். ஏழு வால்வில் 1.2 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. மூன்றாம் நம்பர் எக்ஸாஸ்டில் 0.2. கையால் சுற்றும்போது இந்த 0.2 போதும், எங்கும் இடிக்காது. 7,000 சுற்றில் ஸ்பிரிங்கே அலை அலையாகத் துடிக்கும். அப்போது அந்த 0.2 எங்கே நிற்கும்? ஒட்டிக்கொள்ளும். கேம் தள்ளும், வால்வு அசையாது, நடுவில் ராக்கர்.

ஏன் அந்த ஒன்றில் மட்டும் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துவது. வால்வு உட்காரும் சீட்டைத் தேய்த்து வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் ஏறிப்போகும். ஸ்பிரிங் பக்கம் அதன் வால் நீண்டு நிற்கும், ஸ்பிரிங் தளரும். தளர்வை ஈடுகட்ட ஸ்பிரிங்குக்கு அடியில் மெல்லிய வாஷர் போடுவோம். அந்த ஹெட்டில் நான்கு எக்ஸாஸ்ட் சீட்டும் வெட்டி வெட்டி இறங்கியிருந்தன. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீட்டர் வாஷர். ஆனால் மூன்றாம் நம்பர் சீட்டில் விரிசல் கண்டு, கடைசி நேரத்தில் லேத்துப் பட்டறையில் கொடுத்துப் புது சீட் அடித்து வாங்கியிருந்தேன். புது சீட் என்றால் வால்வு பழைய, சரியான இடத்துக்கு வந்துவிட்டது. அதற்கு வாஷர் வேண்டியதில்லை. நான் கை வழக்கத்தில் நான்குக்கும் போட்டுவிட்டேன். 1.2-இல் ஒரு மில்லிமீட்டர் போனால் 0.2.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. சனிக்கிழமை டேப்பெட் வைக்கும்போது மூன்றாம் நம்பரின் திருகு மற்ற மூன்று எக்ஸாஸ்டைவிட ஒரு சுற்றுக்குமேல் கூடுதலாக இறங்கியிருந்தது. வால்வின் வால் தாழ்ந்திருந்ததால் திருகு எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. என் விரல் அதை உணர்ந்தது. இதென்ன, இது மட்டும் இவ்வளவு இறங்குகிறது என்று ஒரு நொடி தோன்றவும் செய்தது. அந்த ஒரு நொடியில் நான் நின்றிருந்தால் அந்தப் பையன் பந்தயத்தை முடித்திருப்பான்.

மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை பையன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வார்ப்பில் குறை இல்லை, குறை என் வேலையில் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எஞ்சின் எப்பண்ணா ரெடியாவும்?" என்று மட்டும் கேட்டான்.

அன்றுமுதல் உடைந்த ராக்கரை நான் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை, சாட்சியாகப் பார்க்கிறேன். ராக்கர் தானாகச் சாவது மிக அரிது. அதைச் சாகடிப்பவர்கள் மூன்று பேர்: ஸ்பிரிங், எண்ணெய், தொடும் இடம். புது ராக்கரை மாட்டுவது அரைமணி வேலை. எது கொன்றது என்று கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. வாடிக்கையாளர் காசு கொடுப்பது அரைமணி வேலைக்குத்தான், அதனால்தான் ஒரே ராக்கர் மூன்று தடவை மாற்றிய வண்டிகள் எனக்கு வருகின்றன.

தொடும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வேக எஞ்சின்களின் தனி நோய் இது. வெளிநாட்டுக் கேம் வாங்க வசதி இல்லாதவர்கள் இருக்கும் கேமையே தேய்த்து உயரம் கூட்டுவார்கள். தேய்த்து எப்படி உயரம் கூடும்? மேட்டைத் தொடாமல், அடிவட்டத்தைச் சிறிதாக்குவார்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் கூடுகிறது, வால்வு அதிகம் இறங்குகிறது. கணக்கு சரிதான். ஆனால் அடிவட்டம் சிறுத்ததால் ராக்கரின் கேம் பக்க முனை தாழ்ந்துபோகிறது, வால்வு பக்கம் உயர்ந்துபோகிறது, திருகை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்றத்தின் தாங்கல் அங்கேயே இருக்க, துலா கோணலாக நிற்கிறது. ராக்கரில் கேம் உரசும் மெத்தை உண்டு; கேம் அதன் நடுவில் ஓடாமல் விளிம்பில் ஓடத் தொடங்குகிறது. கடினப்படுத்திய மேல்தோல் விளிம்பில் உரியும். உரிந்த துகள் எண்ணெயில் கலந்து மற்ற ஏழையும் தின்னும்.

இதற்கு நான் செய்வது: ராக்கர் மெத்தையில் மார்க்கிங் புளூ தடவி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்ப்பேன். நடுவில் பட்டையாக விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் அந்தக் கேமைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இன்னொரு விதி: கழற்றிய ராக்கரை எந்த மேட்டிலிருந்து கழற்றினோமோ அதே மேட்டுக்குத்தான் போட வேண்டும். அவை ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை. புதுக் கேமில் பழைய ராக்கர் போடுவது இரண்டுக்கும் கேடு.

எண்ணெயைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தது பந்தயம் அல்ல, இந்த ஊர் டிப்பர்கள். 2006-ல் சாலவாக்கம் திரும்பி வந்தபோது முதல் வருடம் முழுக்க லாரி எஞ்சின்தான். டீசல் எஞ்சின் 2,500 சுற்றைத் தாண்டாது. ஸ்பிரிங்குக்குச் சிரமமே இல்லை. ஆனாலும் ராக்கர் புஷ் தேய்ந்து, ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்து வரும். ஏர் ஃபில்டர் அடைத்துக் கிழிந்து கல்தூள் உள்ளே போயிருக்கும். எண்ணெய் மாற்றும் தேதி என்றோ தாண்டியிருக்கும். எண்ணெய் கீழேயிருந்து கிளம்பி, மெயின் பேரிங், கேம் எல்லாவற்றுக்கும் போய், கடைசியாகத்தான் ராக்கர் ஷாஃப்ட்டுக்கு வருகிறது. வாய்க்காலின் கடைமடை அது. ஏரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே. ஷாஃப்ட் என்பது உள்ளே குழாய். ஒவ்வொரு ராக்கருக்கும் நேரே ஊசித்துளை. எட்டு வால்வு எஸ்டீமில் இரண்டு ஷாஃப்ட் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. எது எந்தப் பக்கம், துளை எந்தத் திசை என்று பார்க்காமல் மாற்றிப் போட்டால் எஞ்சின் ஓடும், ராக்கர் மட்டும் வறண்டு தேயும்.

எண்ணெயின் சரக்கே மாறிவிட்டது என்பதையும் பலர் அறிய மாட்டார்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தைக் காப்பதற்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கலவையை எண்ணெயில் போடுவார்கள். பாஸ்பரஸ் சைலன்சரில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால் புதிய கார் எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். உருளை வைத்த புது ராக்கருக்கு அது போதும். மெத்தை உரசி ஓடும் பழைய ராக்கருக்கு, அதுவும் கடின ஸ்பிரிங் போட்ட எஞ்சினுக்கு, போதாது. பழைய எஞ்சினுக்குப் புது எண்ணெய் விலை அதிகம் என்பதற்காக நல்லது என்று ஆகிவிடாது.

ஹோண்டா சிட்டியின் வீடெக் எஞ்சினைச் சொல்லாமல் விட்டால் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். 2000-இல் வந்த 1.5 லிட்டர், 106 குதிரைத் திறன். அதில் இன்லெட் பக்கம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று ராக்கர். மெதுவாகப் போகும்போது ஓரத்து இரண்டும் தனித்தனியே ஓடும். சுற்று ஏறியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளி மூன்றையும் பூட்டும், நடுவில் இருக்கும் பெரிய மேடு எல்லாவற்றையும் ஓட்டும். அழகான வேலை. இப்படி ஒரு வண்டி செங்கல்பட்டிலிருந்து வந்தது. மேல் சுற்றில் இழுக்கவில்லை, ராக்கர் செட் முழுக்க மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த எண்ணெய் அழுத்தத்தைத் திறந்துவிடும் சொலினாய்டுக்கு அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு சல்லடை உண்டு. அது எண்ணெய்க் கசண்டால் அடைத்திருந்தது. பெட்ரோலில் கழுவிப் போட்டேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கை மகன் நிஸ்ஸான் எஸ்ஆர்20 எஞ்சினைப் பற்றி அடிக்கடி பேசுவான். அதில் ராக்கருக்கு ஷாஃப்ட்டே இல்லை. தாங்கல்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். சுற்று எல்லை மீறி எஞ்சின் திணறினால் ராக்கர் இடத்தைவிட்டுத் துள்ளி விழும். அங்கேயும் ஸ்பிரிங்தான், அங்கேயும் எல்லை மீறல்தான்.

இப்போது வரும் சுஸுகி கே வரிசை எஞ்சின்களில் ராக்கரே கிடையாது. கேம் நேரே வால்வின் தலையில் கவிழ்த்த கிண்ணத்தை அழுத்துகிறது. மாருதி 800 2014-இல் நின்றுபோனது. என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு ஃபீலர் கேஜ் பிடிக்கவே சந்தர்ப்பம் குறைவு. அதனால் ஒரு பழைய 800 ஹெட்டைப் பலகையில் அடித்து வைத்திருக்கிறேன். வேலை இல்லாத மதியத்தில் டேப்பெட்டைக் கலைத்துவிட்டு, வை என்பேன். கை மேல் கை வைத்து இழுத்துக் காட்டுவேன்.

போன ஐப்பசியில், இரண்டு நாள் மழைக்குப் பிறகு, ஓர் எஸ்டீம் வந்தது. பழைய எட்டு வால்வு வண்டி. மதுராந்தகத்துப் பையன், அப்பாவின் வண்டியைத் தானே சரிசெய்து ஓட்டுகிறவன். இரண்டாம் நம்பர் இன்லெட் ராக்கர் இரண்டு தடவை தேய்ந்துபோய் மாற்றியாயிற்று, மறுபடியும் தட்டுகிறது. புது ராக்கரைக் கையோடு கொண்டுவந்திருந்தான். "இத மாட்டிக் குடுங்க மாமா, போதும்" என்றான். கோணியை நனைத்துப் போட்டுவிட்டு அவனையும் உள்ளே அழைத்துப் போனேன். ஸ்பிரிங் உயரம் எட்டும் அளந்தோம், சரி. புளூ தடவித் தடம் பார்த்தோம், நடுவில் விழுந்தது, சரி. ஷாஃப்ட்டை உருவி, ஒவ்வொரு துளையிலும் செம்புக் கம்பியை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏழில் கம்பி போனது. இரண்டாம் நம்பர் இன்லெட்டில் நின்றது. மெல்லத் திருகி இழுத்ததும் சிவப்பாக ஒரு துளி வந்தது. முன்பு ஹெட் இறக்கிய யாரோ கேஸ்கெட் பேஸ்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். பிதுங்கிய துணுக்கு ஒன்று எண்ணெயோடு பயணப்பட்டு அங்கே வந்து மாட்டியிருக்கிறது. அதை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து அவன் பக்கம் நகர்த்தினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராக்கர் மாத்த வேணாமா மாமா?"

"மாத்தணும். இப்ப மாத்தலாம்."

மாட்டி முடித்து, டேப்பெட் வைத்து, கவரை மூடாமல், பிளக்குகளைக் கழற்றிவிட்டு, காயில் வயரை உருவிவிட்டு, அவனைச் சாவி போடச் சொன்னேன். ஸ்டார்ட்டர் மட்டும் எஞ்சினைச் சுற்றியது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். பம்ப் எண்ணெயை மேலே தள்ளச் சில நொடி ஆகும். முதலில் பெல்ட் பக்கத்து இரண்டு ராக்கரின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. பிறகு அடுத்தடுத்து. நான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவதாக இரண்டாம் நம்பர் இன்லெட்டின் தோளில் எண்ணெய் ஊறி மினுங்கியதும், நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கவரை எடுத்து மூடினேன்.